உள்ளே ஒளித்து வைத்த முகத்தை மண்ணில் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பார்ப்பதற்கு இது முகமூடி செய்யும் வேலை மாதிரி இருக்கும். ஆனால் மாட்டிக்கொள்வதற்காக எதுவும் செய்யப்போவதில்லை. நம்மிடம் இருந்தும் ‘எனக்கா? நானா?’ என்று மறுக்கிற ஒரு குணத்தை ஒரு சாண் உயர மண்முகமாகப் பிடித்து, காயவைத்து, அதோடு பேசி, கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருக்கப்போகிறோம். அந்தக் குணம் பொறாமையாக இருக்கலாம், வன்மமாக இருக்கலாம், அடக்கி வைத்த ஒரு சிரிப்பாகக்கூட இருக்கலாம். உளவியலாளர் கார்ல் யுங் இந்த ஒளித்த பகுதியை ‘நிழல்’ என்றார். நமக்கு அந்தப் பேர் போதும்.

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்தாறு பேராக உட்கார்ந்து சில வருடங்களாக இதைச் செய்து வருகிறோம். மண்ணைப் பிடிக்கத் தெரியாமல் விட்டுப் போனவர் யாரும் இல்லை. வரிசையை மாற்றியதால் பாதியில் நின்றவர்கள் நிறையப் பேர். ஆறாவது படியை மூன்றாவதாகச் செய்துவிட்டு, ‘எனக்கு ஒன்றும் வரவில்லை’ என்பார்கள். அதனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நோட்டு எழுத ஒரு வாரம், முகம் பிடிக்க ஒரு மாலை, காய ஏழு முதல் பத்து நாள், பேச நான்கு நாள், வண்ணத்துக்கு ஒரு மாலை, வீட்டில் வைத்திருக்கப் பதினைந்து நாள். மொத்தம் ஐந்து வாரத்துக்குக் குறையாது.

1. முதலில் இது இப்போது வேண்டுமா என்று பாருங்கள்

சமீபத்தில் வீட்டில் சாவு நடந்திருந்தால், மனநலத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், சின்ன வயதில் நடந்த கொடுமை இன்னும் கனவில் வந்துகொண்டிருந்தால், இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். உங்கள் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லிவிட்டு, அவர் சரி என்றால் செய்யுங்கள். மண் மெதுவான பொருள்தான். ஆனாலும் கையை வைத்த பிறகு எது மேலே வரும் என்பது நம் கையில் இல்லை.

நடுவில் தூக்கம் கெட்டாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன். ‘எனக்கு எதுக்கு?’ என்று கேட்பார்கள். நமக்குத் தேவைப்படாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படும், எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முதல் முகத்துக்குப் பெரிய காயத்தை எடுக்காதீர்கள். சின்ன அவமானம், தினசரி எரிச்சல், இந்த அளவில் ஆரம்பியுங்கள். நீச்சல் பழகுகிறவன் முதல் நாளே கிணற்று மேட்டில் இருந்து குதிப்பதில்லை.

2. வேண்டிய பொருட்கள்

களிமண் இரண்டு கிலோ போதும். கண்மாயில் நாமே போய் வெட்டக் கூடாது, அதற்கு அனுமதி வேண்டும். விளாச்சேரி மாதிரி பொம்மை செய்யும் ஊரிலோ, உங்கள் பக்கத்துக் குயவர் வீட்டிலோ பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்குங்கள். கல் பொறுக்கி, மணல் கலந்து, மிதித்துப் பக்குவமாக வைத்திருப்பார்கள். ஆன்லைனில் விற்கும் கலர் கலரான செயற்கைக் களிமண் வேண்டாம். அது தண்ணீரில் கரையாது. கடைசிப் படிக்கு நமக்குக் கரைகிற மண்தான் தேவை.

மற்றவை வீட்டிலேயே கிடைக்கும். ஒரு மணைப்பலகை, பழைய செய்தித்தாள், நைந்த பருத்தி வேட்டி, ஒரு வாளி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு ஸ்பூன், நாலு ஈர்க்குச்சி, நாற்பது பக்க நோட்டு ஒன்று. வண்ணத்துக்குக் காவி, சுண்ணாம்பு, அடுப்புக்கரி, மஞ்சள்தூள். முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காரணம் ஐந்தாவது படியில்.

3. ஒரு வாரம் நோட்டு

வாங்கிய மண்ணை ஈரத்துணியில் சுற்றி, வாளியில் போட்டு மூடி வையுங்கள். அது ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். அந்த வாரம் முழுக்க நோட்டு வேலை.

தினம் ராத்திரி மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஒன்று: இன்று யாரைப் பார்த்து எனக்கு அளவுக்கு மீறி எரிந்தது? இரண்டு: யாரை மாதிரி நடித்துக்காட்டி நக்கல் செய்தேன்? மூன்று: சின்ன வயதில் எதைச் செய்ததற்காக ‘இப்படி இருக்கலாமா’ என்று திட்டு வாங்கினேன்?

முதல் கேள்வியில் ‘அளவுக்கு மீறி’ என்பதுதான் முக்கியம். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் முண்டியடித்து இடம் பிடிப்பவரைப் பார்த்து எல்லாருக்கும்தான் கோபம் வரும். அவரைப் பற்றி மேலூர் வரைக்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனால், அதில் நம் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது. முண்டியடிக்க நமக்கும் ஆசை, வெட்கம் விடவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் பலருக்கும் கை நிற்கும். ‘பொம்பளப் பிள்ளை இப்படியா சிரிக்கிறது’, ‘ஆம்பளைப் பய அழலாமா’, ‘ரொம்பத்தான் ஆசைப்படாதே’. நாம் ஒளித்து வைப்பது எப்போதும் கெட்டதாகத்தான் இருக்கும் என்றில்லை. எங்களோடு உட்கார்ந்த ஒரு அக்கா ஒளித்து வைத்திருந்தது வீடு அதிரும் ஒரு சிரிப்பு. நாற்பது வருடமாக வாயைப் பொத்தியே சிரித்திருக்கிறார்.

இந்தப் படியில் எல்லாரும் செய்யும் தப்பு, எழுத்துத் தமிழில் எழுதுவது. ‘அவரது வளர்ச்சி எனக்கு மன வருத்தத்தை ஏற்படுத்தியது’ என்று எழுதினால் அது விண்ணப்பம். ‘அவன் வீடு கட்டுனதைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுச்சு’ என்று எழுதினால் நோட்டு. வெட்கம் போய் ஒளிய நம் எழுத்துத் தமிழில் நல்ல நல்ல மூலைகள் உண்டு. வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், கெட்ட வார்த்தை வந்தால் அதையும்.

ஏழாம் நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அடிக்கடி வந்த ஒரு விஷயத்துக்குக் கீழே கோடு போடுங்கள். ஒன்றே ஒன்று. அதற்கு ‘பொறாமை’, ‘அகங்காரம்’ என்று பேர் வைக்க வேண்டாம். பேர் வைத்தால் கை அந்தப் பேருக்குப் படம் போட ஆரம்பித்துவிடும். நோட்டை மூடி வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

4. மண்ணைத் திரும்பப் பிசைவது

முகம் பிடிக்கும் மாலையில், முதல் இருபது நிமிடம் பிசைவதற்கு மட்டும். உள்ளங்கை அடிப்பாகத்தால் அமுக்கி, மடித்து, திருப்பி, மறுபடி அமுக்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் காயும்போது புடைக்கும், வெடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நமக்காக. ஆபீஸ், சமையல், பிள்ளையின் பரீட்சை எல்லாம் தலையில் இருந்து இறங்க அந்த நேரம் ஆகும். இதை அவசரமாக முடித்தவர்களின் முகம் அவசரமாகவே வந்திருக்கிறது.

மண்ணை உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் பதம் சரி. வெடித்தால் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒட்டினால் கொஞ்ச நேரம் பலகையில் பரப்பி வையுங்கள்.

ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை கொண்டுபோகும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள் இல்லையா? ஊரின் மண்ணை ஒரு பிடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் குதிரை செய்ய ஆரம்பிப்பார்கள். நானும் அதே மாதிரி, மொத்த மண்ணில் ஒரு பிடியைக் கிள்ளித் தனியாக வைக்கச் சொல்வேன். சடங்குக்காக இல்லை. அந்தப் பிடி பத்தாவது படியில் வேண்டியிருக்கும். அதை பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

5. கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து நிமிடம்

செய்தித்தாளைக் கசக்கி, நனைத்துப் பிழிந்து, ஒரு கைப்பிடி மேடாகப் பலகையில் வையுங்கள். கட்டை, கிண்ணம் எதையும் அச்சாக வைக்காதீர்கள். மண் காயும்போது பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். உள்ளே இருப்பது அசையாவிட்டால் முகம் நெற்றியோடு பிளக்கும். கசக்கிய காகிதம் விட்டுக்கொடுக்கும்.

மண்ணைச் சுண்டுவிரல் தடிமனில் அப்பளமாகத் தட்டி அதன் மேல் போர்த்துங்கள். இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நோட்டில் கோடு போட்ட அந்தச் சம்பவத்தை மட்டும் நினையுங்கள். எங்கே நின்றீர்கள், யார் பேசினார்கள், அப்போது தாடை என்ன செய்தது, தொண்டை என்ன செய்தது. தாடை இறுகினால் விரலும் அதையே மண்ணில் செய்யட்டும். பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிடுங்கள்.

கண்ணை ஏன் மூட வேண்டும்? திறந்திருந்தால் நாம் ‘நல்லா வருதா’ என்று பார்ப்போம். அந்தப் பார்வைதான் இத்தனை வருடம் அந்தக் குணத்தை உள்ளே தள்ளியது. கண்ணாடி வேண்டாம் என்றதும் இதனால்தான். கண்ணாடி இருந்தால் வெளியே காட்டும் முகத்தைப் பார்த்துச் செய்துவிடுவோம்.

இந்த இடத்தில் இரண்டு விதமான தடுமாற்றம் பார்த்திருக்கிறேன். ஒருவர் மொபைலில் அரக்கன் படம் தேடி வந்திருந்தார். கோரைப்பல், முட்டைக்கண், தொங்கும் நாக்கு. இன்னொருவர் அருவா மீசையோடு அச்சு அசல் கருப்பசாமியே செய்துவிட்டார். கைவேலை அருமை. இரண்டு முகங்களும் அவர்களுடையதாக இல்லை. கோரைப்பல் வைத்துவிட்டால் ‘இது நானில்லை, அரக்கன்’ என்று தப்பித்துக்கொள்ளலாம். நாம் ஒளித்து வைத்த முகம் பெரும்பாலும் சாதாரணமாக, கொஞ்சம் அசடு வழிய இருக்கும். அதனால்தான் அதைக் காட்டக் கூசுகிறது.

6. கண் திறந்த பிறகு: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

அலாரம் அடித்ததும் கண்ணைத் திறந்து பார்ப்பீர்கள். ஏமாற்றமாக இருக்கும். மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இப்போது செய்யவேண்டியது பலப்படுத்தும் வேலை மட்டும். கழன்று வருகிற இடத்தை ஈர்க்குச்சியால் இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டுங்கள். கீறாமல் ஒட்டினால் காய்ந்ததும் மூக்கு தனியாக விழும். மெலிந்த ஓரத்துக்கு மண் சேருங்கள்.

கோணலை நேராக்காதீர்கள். தண்ணீர் தொட்டு வழவழப்பாக்காதீர்கள். விரல் தடம் இருக்கட்டும். விளாச்சேரிக் கொலு பொம்மையின் கன்னம் மாதிரி வரவில்லையே என்று ஏங்குபவர் உண்டு. அந்தக் கன்னத்துக்குப் பின்னால் தலைமுறைகளின் கை இருக்கிறது. நமக்கு அது தேவையும் இல்லை.

கண்ணைக் கடைசியில் வையுங்கள். சாமி சிலைக்கும் புரவிக்கும் கடைசியில்தானே கண் திறக்கிறார்கள். இங்கே காரணம் சாதாரணமானது. கண் வைத்த நிமிடத்தில் மண் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு மற்ற இடத்தைத் தொட்டால், அதைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டே போவோம். எல்லாம் முடிந்ததும் ஈர்க்குச்சியால் இரண்டு குத்து, அல்லது மூடிய இமைக்கு ஒரு கோடு. கையை எடுத்துவிடுங்கள்.

என் முதல் முகத்தைச் சொல்கிறேன். என்னைப் பொறுமைசாலி என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலம். அண்ணன் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். பந்தல் முதல் பந்தி வரை ஓடி ஓடிச் செய்தேன், அடுத்த இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன். அந்தச் சம்பவத்தை வைத்துத்தான் மண்ணைப் பிடித்தேன். கோபக்காரன் முகம் வரும் என்று நினைத்தேன். வந்தது கீழுதடு பிதுங்கிய, கன்னம் உப்பிய ஒரு மூஞ்சி. மாடிக்குத் துணி எடுக்க வந்த அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏப்பா, சின்னப் பிள்ளையில அதிரசம் பங்கு வைக்கும்போது நீ வச்சிருந்த மூஞ்சில்ல இது?” என்றார். துணியை மடித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். நான் மண்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

7. காயவைப்பது

நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். முதல் இரண்டு நாள் மேலே செய்தித்தாள் போர்த்தியிருக்கட்டும். சித்திரை வெயிலில் மாடியில் வைத்தால் மத்தியானத்துக்குள் விரிசல் விட்டுவிடும். ஃபேனுக்கு அடியில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து மேலே தூக்கும். ஐப்பசி மழையில் இரண்டு வாரம்கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள்.

விரல் அமுக்கினால் பதியாமல், நகத்தால் கீறினால் மட்டும் கோடு விழும் பதம் வரும்போது, முகத்தைத் திருப்பி உள்ளே உள்ள காகிதத்தை மெல்ல உருவிவிடுங்கள். பின்பக்கம் தடித்த இடம் இருந்தால் ஸ்பூனால் சுரண்டுங்கள். ஒரே தடிமன் இருந்தால்தான் ஒரே சீராகக் காயும்.

முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்க, எடுத்து உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூளையில் சுட வேண்டாம். சுட்டால் திரும்பக் கரையாது.

இந்த நாட்களில் முகத்தைப் பற்றி எழுதவோ ஆராயவோ வேண்டாம். காலையில் ஒருமுறை போய்த் திருப்பி வைப்பதோடு சரி. பிடித்த அன்றைக்கே ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று உட்கார்ந்தவர்கள் சாமர்த்தியமான அர்த்தங்களைத்தான் கண்டுபிடித்தார்கள். பத்து நாள் சும்மா பார்த்தவர்களுக்கு, ஒருநாள் பல் தேய்க்கும்போது தானாக ஞாபகம் வந்திருக்கிறது.

விரிசல் விட்டால் அடைக்க வேண்டாம். முகம் இரண்டாகப் பிளந்தாலொழிய அதுவும் இருக்கட்டும்.

8. முகத்தோடு பேச்சு: நான்கு நாள்

காய்ந்த முகத்தை எதிரே வைத்து, நோட்டைத் திறந்து, தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வேண்டும். இந்தக் கணக்கு 1986-ல் ஜேம்ஸ் பென்னேபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சகாவோடு வெளியிட்ட ஆய்வில் இருந்து நான் எடுத்துக்கொண்டது. கல்லூரி மாணவர்களைத் தங்கள் மனசைப் பாதித்த சம்பவங்களை அப்படி எழுதவைத்தார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு பாரமாகத்தான் இருந்தது. அடுத்த மாதங்களில் சிகிச்சைக்காக மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. அதனால் முதல் நாள் எழுதியதும் கனமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அதற்காகவே இதைப் படுக்கப் போகும் நேரத்தில் வைக்காமல் சாயங்காலம் வையுங்கள். முடித்ததும் எழுந்து போய் ஒரு டீ போடுங்கள்.

முதல் நாள் முகம் மட்டும் பேசட்டும். நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. ‘நான்’ என்று ஆரம்பித்து, முகத்தின் வாயால் எழுதுங்கள். அது உங்களை எப்படிக் கூப்பிடுகிறது என்று கவனியுங்கள். ‘ஏய்’ என்கிறதா, ‘டா’ போடுகிறதா, ‘தம்பி’ என்கிறதா, சின்ன வயதுச் செல்லப்பேர் சொல்கிறதா. அந்தக் குணத்தை எந்த வயதில், யார் முன்னால் உள்ளே தள்ளினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. என்னுடையது ஏழு வயதுப் பையன் குரலில் வந்தது. “எல்லாருக்கும் பங்கு வச்சியே, எனக்கு எங்கடா?”

இரண்டாம் நாள் நீங்கள் பதில் எழுதுங்கள். இங்கேதான் பெரிய தடுமாற்றம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் தன் முகத்துக்கு ‘தாங்கள் கூறியதைப் புரிந்துகொண்டேன்’ என்று பதில் எழுதினார். வாசித்துக் காட்டும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாங்க போங்க என்று பேசினால் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறோம் என்று அர்த்தம். ‘சனியனே’ என்று ஆரம்பித்தாலும் நடக்காது, அது பழைய விரட்டல்தான். கூடப் பிறந்த ஒருவரோடு பேசும் ‘நீ’ போதும்.

மூன்றாம் நாள் ஒரே கேள்வி கேளுங்கள்: இத்தனை நாள் நீ எனக்கு என்ன செய்துகொண்டிருந்தாய்? பதில் ஆச்சரியமாக இருக்கும். சொல்ல முடியாத கோபம், பல இடத்தில் ஆளைக் காப்பாற்றியிருக்கும். என் பொறாமை, எனக்கு என்ன வேண்டும் என்பதை என்னைவிட முன்னால் தெரிந்துவைத்திருந்தது. வீடு வேண்டும் என்பதுகூட இல்லை. என்னை யாராவது உட்காரச் சொல்லிப் பரிமாற வேண்டும், அவ்வளவுதான் அதன் கோரிக்கை.

நான்காம் நாள் பேரம். அதற்கு என்ன கொடுக்க முடியும், எது முடியாது என்று பேசி முடியுங்கள். என் பேரம்: விசேஷ வீட்டில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். அண்ணனைப் பற்றிப் புறம் பேசமாட்டேன். முதலாவதை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். இரண்டாவதில் சறுக்கியிருக்கிறேன்.

‘என் குணமே இப்படித்தான், ஏற்றுக்கொண்டுவிட்டேன்’ என்று வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழ ஆரம்பித்தால், இந்த நான்காம் நாளைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். இருப்பதை ஒத்துக்கொள்வது வேறு, அதன் கையில் சாவியைக் கொடுப்பது வேறு. எழுதிய அன்றைக்கே அண்ணனுக்கோ மாமியாருக்கோ போன் போடுவதும் வேண்டாம். குறைந்தது பதினைந்து நாள் ஆறப்போடுங்கள்.

9. வண்ணம்

பேசிய பிறகுதான் வண்ணம். முன்னால் பூசியிருந்தால் எல்லாரும் கறுப்பும் சிவப்புமாகப் பூசியிருப்பார்கள். பேசிய பிறகு மஞ்சளைத் தேடுகிறார்கள். காவி, சுண்ணாம்பு, அடுப்புக்கரி, மஞ்சள்தூள் எல்லாம் தண்ணீரில் குழைத்தால் போதும். கொஞ்சம் உதிரும், பரவாயில்லை. சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் சிவந்துபோகும், அது தெரிந்து பூசுங்கள். பெயின்ட்டும் ஃபெவிகாலும் வேண்டாம், கரைக்க விடாது. பூசாமல் விட்டாலும் குற்றமில்லை.

10. வீட்டில் எங்கே வைப்பது

பதினைந்து நாள் முகம் வீட்டில் இருக்க வேண்டும். பூஜை அறை வேண்டாம், அது இதைச் சாமியாக்கிவிடும். கட்டிலுக்கு அடியில் வேண்டாம், அங்கிருந்துதானே எடுத்து வந்தோம். நடு ஹாலில் ஷோகேஸும் வேண்டாம். நீங்கள் தினம் ஒருமுறை கடந்துபோகும், மற்றவர் கண்ணில் சட்டென்று படாத ஒரு இடம் நல்லது. மாடிப்படி வளைவு, பரணுக்குக் கீழே உள்ள அலமாரித் தட்டு, கொல்லை வாசல்.

நம் ஊர்களில் பயமான சாமிகளுக்கு இடம் எல்லையில்தான். கருப்பனையும் முனியாண்டியையும் யாரும் ஊரை விட்டு விரட்டவில்லை, நடுவீட்டுக்குள்ளும் கொண்டுவரவில்லை. எல்லையில் இடம் கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை சேரவேண்டியதைச் சேர்த்துவிட்டு, காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். இடம் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

நாலாவது படியில் கிள்ளி வைத்த பிடி மண் ஞாபகம் இருக்கிறதா? அதைத் தண்ணீர் விட்டு இளக்கி, முகத்துக்கு அடியில் சின்னத் திண்டாகத் தட்டி வையுங்கள். முகம் அதன் மேல் சாய்ந்து நிற்கும். காய்ந்து சுருங்கிய முகத்தையும் ஈரமான பிடியையும் பக்கத்தில் வைத்தால், இந்த நாட்களில் முகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

யாருக்குக் காட்டுவது? ஒரே ஒருவருக்கு. அவரும் முதலில் பார்க்க மட்டும் வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. ‘உங்க மாமியார் ஜாடை இருக்கே’ என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது மாமியார்தான், உங்கள் முகம் போய்விடும். (என் அம்மா சொன்னது தற்செயல். எல்லாருக்கும் அப்படி ஒரு அம்மா துணி எடுக்க வரமாட்டார்.) வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. பதினேழு பேர் ‘சூப்பர்’ போட்டதும் அது கைவேலையாகிவிடும். யுங் தன் உள்ளே கண்டதைப் பல வருடம் ஒரு பெரிய சிவப்புத் தோல் நோட்டில் எழுதியும் வரைந்தும் வைத்தார். உயிரோடு இருந்தவரை அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் இறந்தது 1961, அது வெளிவந்தது 2009.

11. கரைப்பது

கடைசிப் படிக்குத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். முகம் பிடித்த அன்றைக்கே, ‘இதை உடைச்சிட்டா போயிரும்ல சார்?’ என்று கேட்காத குழு கிடையாது. ஒருவர் கேட்காமலே உடைத்தார். மாடிச் சுவரில் ஓங்கி அடித்தார், ஈர மண் சப்பென்று ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் வந்து அதே மூஞ்சியை மறுபடி பிடித்தார்.

மதுரைப் பக்கத்து முத்தாலம்மன் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மண்ணில் அம்மனைச் செய்து, கண் திறந்து, அலங்காரம் செய்து, பூசை போட்டு, ஊர்வலம் வந்து, அதற்குப் பிறகுதான் கொண்டுபோய் உடைக்கிறார்கள். உடைப்பு வரிசையில் கடைசி. சேரவேண்டியது சேர்ந்த பிறகு.

பதினைந்து நாள் முடிந்ததும் உங்களையே கேளுங்கள்: இதைப் பார்க்கும்போது இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேனா? ஆமாம் என்றால் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும். பழகிப்போய், போகிற போக்கில் தூசி தட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால் கரைக்கலாம். கரைக்க மனசில்லையா, வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயமில்லை.

கரைக்க வைகைக்கோ கண்மாய்க்கோ போக வேண்டாம், ஒரு வாளி தண்ணீர் போதும். சுடாத மண், நன்றாகக் காய்ந்திருந்தால் வேகமாகக் கரையும். ஈரம் இருந்தால்தான் இழுக்கும். உள்ளே இறக்கியதும் சின்னக் குமிழிகள் வரும், ஓரம் உதிரும், மூக்கு சரியும். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கையை விட்டுக் கலக்காதீர்கள். அடியில் வைத்த பிடி மண்ணையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.

மறுநாள் மேலே தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சேற்றைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிசையும் பதத்துக்கு வந்துவிடும். என் மாடி வாளியில் இருக்கும் மண்ணில் நாலைந்து முகங்களின் கரியும் காவியும் சேர்ந்து, நிறம் கொஞ்சம் கறுத்துவிட்டது. புதிதாகப் பிடிக்கும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வெடிப்பு அதிகம் தெரிந்தால் மட்டும் ஒரு கை பொடிமணல் சேர்த்துக்கொள்ளுங்கள்.